அமெரிக்க உள்நாட்டுப் போர்: அடிமை முறையின் ஒழிப்பும் தீர்க்கப்படாத நிலப் பிரச்சினையும்

ஐக்கிய அமெரிக்காவில் 1861ஆம் ஆண்டு முதல் 1865ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போர், தமிழ் வாசகருக்குப் பெரும்பாலும் ஆபிரகாம் லிங்கனின் வாழ்க்கை வரலாற்றினூடாகவே அறிமுகமாகியுள்ளது. மரக்குடிலிற் பிறந்த ஒருவர் ஜனாதிபதியாகி, அடிமைகளின் தளையை அறுத்து, ஈற்றிற் கொலையுண்ட கதையாக அது சொல்லப்படும்பொழுது, போரின் காரணங்கள் ஒரு தனிமனிதரின் இரக்கவுணர்வாகவும் அதன் விளைவுகள் ஒரு பிரகடனமாகவும் சுருங்கிவிடுகின்றன. இதற்கு மாறாகப் பொருளியல் விளக்கம் தர முற்படுவோருட் சிலர், போர் அடிமை முறை பற்றியதே அன்று என்றும், கைத்தொழில் வளர்ந்த வடக்கும் விவசாயத் தெற்கும் சுங்கத் தீர்வை முதலிய நலன்களுக்காக மோதிக்கொண்டன என்றும் கூறுவர். இவ்விளக்கம் பொருள்முதல்வாதச் சாயல் கொண்டதாகத் தோன்றினும், அடிமை முறையைப் பொருளியலுக்குப் புறத்தே நிறுத்திவிடுகின்றது. தெற்கின் பொருளியலே அடிமை முறைதான் என்பதை அது காணத் தவறுகின்றது.

இங்கு இரண்டு வினாக்கள் எழுகின்றன. அடிமை முறை ஏன் போரின்றி ஒழிய முடியாதிருந்தது? அது ஒழிந்த பின்னரும் விடுதலை பெற்ற மக்கள் ஏன் அதே நிலத்தில், பெரும்பாலும் அதே உடைமையாளரிடத்தில், கட்டுண்டு கிடந்தனர்? முதலாவது வினாவுக்கு ஆய்வாளர் பலர் விடை கூறியுள்ளனர். இரண்டாவது வினாவே நமது கவனத்துக்குக் கூடுதலாக உரியது என்பது எமது கருத்து.

ஆபிரிக்கர் இருபதின்மர் வரையில் 1619ஆம் ஆண்டு வேர்ஜீனியாக் குடியேற்றத்திற் கொண்டுவந்து விற்கப்பட்டனர். தொடக்கத்திற் புகையிலை, நெல், அவுரி ஆகிய பயிர்களை அடிப்படையாகக் கொண்டிருந்த அடிமை முறை, 1787இல் வரையப்பட்ட அரசியல் யாப்பில் உறுதியான இடத்தைப் பெற்றது. அந்த யாப்பில் ‘அடிமை’ என்ற சொல்லே இல்லை. ஆயினும் பிரதிநிதித்துவத்தைக் கணக்கிடுகையில் அடிமை ஒருவரை ஐந்தில் மூன்று பங்காகக் கொள்ளும் விதியும், தப்பியோடியவரைத் திருப்பி ஒப்படைக்கும் விதியும், 1808ஆம் ஆண்டுக்கு முன்னர் அடிமை இறக்குமதியைத் தடை செய்யலாகாது என்ற விதியும் அதில் உள்ளன. சொல்லைத் தவிர்த்துப் பொருளைப் பேணிய இச்சாதுரியம், சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் உரத்துப் பேசிய ஒரு வர்க்கத்தின் மனச்சாட்சியை நன்கு காட்டுவதாகும்.

அக்காலத்தில் வட மாநிலங்கள் படிப்படியாக அடிமை முறையைக் கைவிடத் தொடங்கியிருந்தன. தெற்கிலும் அது தானாகவே தேய்ந்துவிடும் எனச் சிலர் நம்பினர். அந்நம்பிக்கையைப் பொய்யாக்கியது பருத்தி. தெற்கின் உட்பகுதிகளில் விளைந்த குறுநார்ப் பருத்தியின் கொட்டைகள் பஞ்சோடு இறுகப் பற்றியிருந்தமையால், ஓர் இறாத்தற் பஞ்சைக் கையால் வேறாக்க ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு நாள் பிடித்தது. எலி விட்னி 1793இல் அமைத்த பொறி, கொட்டை நீக்கும் வேலையைப் பன்மடங்கு விரைவாக்கியது. உழைப்பைக் குறைக்கும் கருவியெனப் போற்றப்பட்ட அது, கொட்டை நீக்குவதில் மட்டுமே உழைப்பைக் குறைத்தது; நடுதற்கும், களை பிடுங்குதற்கும், பஞ்சு எடுத்தற்கும் வேண்டிய உழைப்பைப் பெருக்கிற்று. உற்பத்திச் சக்தியின் வளர்ச்சி, நிலவும் உற்பத்தி உறவைத் தகர்க்காது அதற்குப் புத்துயிர் அளித்தமைக்கு இது எடுத்துக்காட்டு. தொழினுட்ப முன்னேற்றம் தன்னளவிலேயே விடுதலை தரும் என நம்புவோர் மனங்கொள்ள வேண்டிய நிகழ்ச்சி இது.

போர் தொடங்கும் தறுவாயில் தென் மாநிலங்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 40 இலட்சம் பொதி பருத்தியை விளைவித்தன. ஐக்கிய அமெரிக்காவின் ஏற்றுமதி வருமானத்திற் பாதிக்கு மேல் பருத்தியாற் கிடைத்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் தமது மூலப்பொருளில் ஐந்தில் நான்கு பங்களவை அங்கிருந்தே பெற்றன. பொதிகளைக் கொண்டுசென்ற கப்பல்கள், அவற்றைக் காப்புறுதி செய்த கம்பனிகள், அறுவடைக்கு முன்பே கடன் கொடுத்த நியூயோர்க் வங்கிகள் ஆகியன யாவும் அடிமை உழைப்பின் பயனைப் பங்கிட்டுக்கொண்டன. ஆகவே தெற்கின் சமூக அமைப்பை ‘நிலப்பிரபுத்துவ எச்சம்’ என்று பெயரிட்டு விலக்கிவிடுவது பொருந்தாது. இதுபற்றி மார்க்சிய ஆய்வாளரிடையேயும் கருத்தொருமை இல்லை. யூஜின் ஜெனோவீஸ் போன்றோர் தோட்ட உடைமையாளரை முதலாளித்துவத்துக்கு முற்பட்ட ஓர் ஆளும் வர்க்கமாகக் கருதினர். எரிக் வில்லியம்ஸ் 1944இல் வெளியிட்ட ‘முதலாளித்துவமும் அடிமை முறையும்’ என்ற நூலின் வழிவந்தோர், அடிமை முறையை உலக முதலாளித்துவத்தின் உட்கூறாகவே கண்டனர். பெருந்தோட்டத்தினுள் நிலவிய உறவு கூலி உழைப்பு உறவன்று. ஆனால் அப்பெருந்தோட்டத்தை இயக்கிய சந்தை முதலாளித்துவச் சந்தையே. இவ்விரண்டையும் ஒருசேரப் பார்த்தாலன்றித் தெற்கின் பிடிவாதம் விளங்காது.

1860ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அடிமைகளின் தொகை 39 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் அதிகம். அவர்கள் உழைப்பாளர் மாத்திரமல்லர். விற்கவும் ஈடு வைக்கவும் கூடிய மூலதனமுமாவர். அவர்களது சந்தைப் பெறுமதி, நாட்டின் இருப்புப்பாதைகளிலும் ஆலைகளிலும் இடப்பட்டிருந்த மூலதனம் முழுவதையும் விஞ்சியிருந்தது என ஆய்வாளர் கணித்துள்ளனர். பழைய புகையிலை மாநிலங்களிலிருந்து புதிய பருத்தி நிலங்களுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் விற்கப்பட்டோ உடைமையாளராற் கொண்டுசெல்லப்பட்டோ இடம்பெயர்ந்தனர். தாயும் பிள்ளையும் பிரிக்கப்பட்டமை இவ்வணிகத்தின் தற்செயலான கொடுமையன்று. அதன் அன்றாட நடைமுறை.

புதிய நிலம் கிடைத்துக்கொண்டிருந்தாற்றான் அடிமைகளின் விலை நிலைத்து நிற்கும். புதிய மாநிலங்கள் அடிமை மாநிலங்களாகச் சேர்ந்தாற்றான் செனற் சபையில் தெற்கின் பலம் குன்றாதிருக்கும். எனவே மேற்குப் பிரதேசங்களில் அடிமை முறை பரவலாமா என்ற வினாவே நாற்பது ஆண்டு காலம் அமெரிக்க அரசியலை ஆட்டிப்படைத்தது. 1820ஆம் ஆண்டு மிசூரி இணக்கம், 1845இல் டெக்சாஸ் இணைப்பு, மெக்சிக்கோவிடமிருந்து நிலம் பறித்த 1846-48ஆம் ஆண்டுப் போர், 1850ஆம் ஆண்டின் கடுமையான தப்பியோடிய அடிமைகள் சட்டம், 1854ஆம் ஆண்டின் கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம், கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாது என உயர் நீதிமன்றம் 1857இல் டிரெட் ஸ்கொட் வழக்கில் அளித்த தீர்ப்பு என்பன இப்போராட்டத்தின் படிகள்.

1854இல் உருவாகிய குடியரசுக் கட்சி அடிமை ஒழிப்புக் கட்சியன்று. அடிமை முறை மேலும் பரவுதலைத் தடுப்பதே அதன் வேலைத்திட்டம். மேற்கில் நிலம் நாடிய சிறு விவசாயி, இருப்புப்பாதை முதலாளி, ஆலை முதலாளி, அடிமை எதிர்ப்பாளர் ஆகியோரின் கூட்டணி அது. புதிய நிலங்களில் அடிமைகள் மாத்திரமன்றிக் கறுப்பினத்தவர் எவருமே குடியேறலாகாது என எண்ணியோரும் அதனுள் இருந்தனர்.

அடிமை ஒழிப்பு இயக்கம் இக்கட்சியிலும் பழையது; எண்ணிக்கையிற் சிறியது; ஆனால் கருத்துலகில் வலியது. தேவாலயங்களையும் அது பிளந்தது. யாழ்ப்பாணத்தில் 1816 முதல் பணியாற்றிய அமெரிக்க மிசனை அனுப்பிய பொஸ்டன் தலைமைச் சபை, அடிமை உடைமையாளரை வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கியதனால் வெறுப்புற்றோர் 1846இல் வேறொரு மிசன் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றனர். போருக்குப் பின் தெற்கில் விடுதலை பெற்றோருக்குப் பாடசாலைகளும் கல்லூரிகளும் அமைத்தது அப்புதிய சங்கமே. நமது கல்வி வரலாற்றில் அமெரிக்க மிசனின் இடத்தை மதிப்பிடுவோர் இதனையும் கருத்திற் கொள்ளலாம்.

இலக்கியத்தின் பங்கினையும் இவ்விடத்திற் குறிப்பிடல் வேண்டும். ஹரியட் பீச்சர் ஸ்ரோ எழுதி 1852இல் நூலாக வெளிவந்த ‘அங்கிள் டொம்ஸ் கபின்’ இலட்சக் கணக்கில் விற்பனையாகி வடக்கின் நடுத்தர வர்க்க இல்லங்களைக் கண்ணீரில் ஆழ்த்தியது. அதன் அரசியற் பயன் பெரிது. ஆயினும் அந்நாவலின் மையப் பாத்திரம், பிற அடிமைகளைக் காட்டிக்கொடுக்க மறுத்து உயிர் துறக்கும் உறுதியுடையதாயினும், கைம்மாறு கருதாது துன்பத்தைத் தாங்கும் கிறிஸ்தவத் தியாகியாகவே படைக்கப்பட்டுள்ளது. அடிமையாயிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில் நாம் காண்பதோ, எழுத்தறிவைத் திருட்டுத்தனமாகக் கற்று, தன்னை அடித்துப் பணிய வைக்க வந்தவனை எதிர்த்து நின்று போராடிய மனிதனை. முன்னைய நூல் அடிமைக்காக இரங்கக் கற்பித்தது. பின்னையது அடிமையையே வரலாற்றின் கருத்தாவாக நிறுத்தியது. போரின் போக்கு டக்ளசையே மெய்ப்பித்தது.

1860 நவம்பரில் லிங்கன், மொத்த வாக்குகளில் நாற்பது வீதத்துக்கும் குறைவாகப் பெற்றே, தெரிவுசெய்யப்பட்டார். டிசெம்பர் 20ஆம் திகதி தென் கரோலைனா பிரிந்தது. அவர் பதவியேற்குமுன் ஏழு மாநிலங்கள் பிரிந்து தமக்கென ஒரு கூட்டரசை நிறுவின. 1861 ஏப்ரல் 12ஆம் திகதி சம்டர் கோட்டை மீது பீரங்கி முழங்கிய பின் மேலும் நான்கு மாநிலங்கள் அதிற் சேர்ந்தன. மாநில உரிமைகளுக்காகவே தெற்கு போராடிற்று என்ற வாதம் பிற்காலத்தில் எழுந்தது. பிரிந்த மாநிலங்கள் அவ்வேளையில் வெளியிட்ட ஆவணங்கள் அவ்வாறு கூறவில்லை. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்க வட மாநிலங்கள் மறுத்தன என்பதே தென் கரோலைனாவின் தலையாய முறைப்பாடு. அதாவது வட மாநிலங்கள் தமது உரிமையைப் பயன்படுத்தியமையே குற்றம்! மிசிசிப்பி தனது நலன் அடிமை முறையுடன் ஒன்றிப்போனது என ஒளிவுமறைவின்றிக் கூறிற்று. கூட்டரசின் உபஜனாதிபதி அலெக்சாந்தர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில், வெள்ளையருக்குக் கறுப்பர் சமமல்லர் என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்ற கருத்திற் பேசினார்.

வடக்கோ அடிமைகளை விடுவிக்கவெனப் போரைத் தொடங்கவில்லை. ஒன்றியத்தைக் காப்பதே நோக்கமென லிங்கன் வற்புறுத்தினார். மிசூரி, கென்ரக்கி, மேரிலாந்து, டெலவெயர் ஆகிய நான்கு அடிமை மாநிலங்கள் ஒன்றியத்திலேயே நின்றமை இதற்கு ஒரு காரணம். நிலைமையை மாற்றியவர்கள் அடிமைகளே. 1861 மே மாதத்தில் வேர்ஜீனியாவின் மொன்றோ கோட்டைக்கு மூவர் தப்பி வந்தனர். தளபதி பட்லர் அவர்களை உடைமையாளரிடம் திருப்பியனுப்ப மறுத்து, பகைவரிடமிருந்து கைப்பற்றப்பட்ட பொருளாக வகைப்படுத்தி வைத்துக்கொண்டார். மனிதரைப் பொருளெனக் கொண்ட சட்டத்தையே அதற்கெதிராகத் திருப்பிய உபாயம் இது. மூவரைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் வந்தனர். படை சென்ற இடமெல்லாம் பெருந்தோட்டங்கள் வெறுமையாகின. டூ பொய்ஸ் 1935இல் வெளியிட்ட ‘கறுப்பின மீட்டமைப்பு’ என்னும் பெருநூலில் இதனை ஒரு பொது வேலைநிறுத்தமாகவே இனங்கண்டார். எதிரியின் உற்பத்தியிலிருந்து உழைப்பை மீட்டு ஒன்றியத்தின் பக்கம் சேர்த்த இவ்வெழுச்சியே, 1863 ஜனவரி 1ஆம் திகதிய விடுதலைப் பிரகடனத்துக்கு அடித்தளம். அப்பிரகடனம் ஒன்றியத்தில் நின்ற அடிமை மாநிலங்களுக்குப் பொருந்தவில்லை. ஆயினும் கறுப்பினத்தவர் படையிற் சேர வழி திறந்தது. ஏறத்தாழ 1,80,000 பேர் தரைப்படையிற் சேர்ந்து போரிட்டனர். அவர்களுட் பெரும்பான்மையோர் அடிமைகளாயிருந்தவர்.

இருதரப்பிலும் வர்க்க முரண்பாடுகள் போரினூடே வெடித்தன. இருபது அல்லது அதற்கு மேற்பட்ட அடிமைகளைக் கொண்ட தோட்டத்தில் ஒரு வெள்ளையருக்குப் படைச்சேவையிலிருந்து விலக்களிக்கும் சட்டத்தைக் கூட்டரசு 1862இல் இயற்றியபோது, இது பணக்காரரின் போர், ஏழைகளின் சண்டை என்ற முணுமுணுப்பு எழுந்தது. 1863 ஏப்ரலில் அதன் தலைநகர் ரிச்மண்டிற் பெண்கள் உணவுக்காகக் கலகஞ் செய்தனர். வடக்கில் 300 டொலர் செலுத்துவோர் கட்டாயப் படைச்சேவையிலிருந்து தப்பலாம் என்றிருந்தது. 1863 ஜூலையில் நியூயோர்க்கில் வெடித்த கலவரத்தில், ஏழை ஐரிஷ் தொழிலாளரின் நியாயமான சினம் கறுப்பினத்தவர் மீது திரும்பி, கொலையும் தீவைப்புமாக முடிந்தது. கூலிப் போட்டி பற்றிய அச்சம் ஒரு தொழிலாளி வர்க்கத்தை எவ்வாறு இனவழியிற் பிளக்கும் என்பதற்கு இதனினும் கசப்பான சான்று அரிது.

அத்திலாந்திக்கின் மறுகரையில் நிகழ்ந்தது வேறு. தெற்கின் துறைமுகங்களை வடக்கின் கடற்படை முற்றுகையிட்டதனால் லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டன. பட்டினி கிடந்த தொழிலாளர் சிலவிடங்களிற் தெற்கின் பக்கம் சாய்ந்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் 1862 டிசெம்பர் 31ஆம் திகதி மான்செஸ்ரரிற் கூடிய தொழிலாளர், லிங்கனுக்கு ஆதரவுக் கடிதம் அனுப்பினர். அவரும் 1863 ஜனவரியில் நன்றியுடன் பதிலெழுதினார். வியன்னாவின் ‘டி பிரஸ்ஸே’ பத்திரிகையில் மார்க்ஸ் அப்போது எழுதிய கட்டுரைகள், போரின் மையம் அடிமை முறையே என்பதைத் தொடக்கத்திலேயே நிறுவின. 1864இல் லிங்கன் மீண்டும் தெரிவானபோது சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் வாழ்த்துரையை வரைந்தவரும் அவரே. ஆலை முதலாளிகளோ வேறு பருத்தி தேடினர். இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. பம்பாயிற் பங்குச் சூதாட்டம் பெருகியது. திருநெல்வேலிச் சீமையின் கரிசல் நிலம் வரை அவ்விலையேற்றம் எட்டியது. 1865இற் போர் முடிந்ததும் விலை சரிந்து பம்பாயின் வணிக நிலையங்கள் பல நொடித்துப்போயின. தொலைதூர அடிமைகளின் விடுதலை, தக்காணத்து விவசாயியின் கடன் கணக்கிற் பதிந்தது.

போரில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அண்மைக்கால மதிப்பீடொன்று ஏழரை இலட்சம் என்கின்றது. 1865 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை நாடெங்கும் ஒழித்தது. பிரித்தானியா 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனது குடியேற்ற நாடுகளில் அடிமைகளை விடுவித்தபோது உடைமையாளருக்கு இரண்டு கோடி பவுண் நட்டஈடு வழங்கியது. அமெரிக்காவில், தலைநகர் வாஷிங்டன் நீங்கலாக, அவ்வாறு எதுவும் வழங்கப்படவில்லை. ஓர் ஆளும் வர்க்கத்தின் மூலதனத்தில் மிகப்பெரும் பகுதி ஒரு சதமும் கொடுக்கப்படாது அழிக்கப்பட்டது. இப்போர் ஒரு புரட்சி என்று சொல்லத் தகுமாயின், அத்தகுதியை அது பெறுவது இங்கேதான். தென் பிரதிநிதிகள் வெளியேறிய காங்கிரஸில் இருப்புப்பாதை, தேசிய வங்கி, உயர் தீர்வை, 160 ஏக்கர் குடியிருப்பு நிலம் ஆகியன பற்றிய சட்டங்கள் விரைந்து நிறைவேறின. வடபுல முதலாளி வர்க்கம் வேண்டியது கிடைத்துவிட்டது. விடுதலை பெற்றவர் வேண்டியது எது?

அதனை அவர்களே தெளிவாகக் கூறினர். 1865 ஜனவரி 12ஆம் திகதி சவன்னா நகரில் தளபதி ஷேர்மனும் போர் அமைச்சர் ஸ்டான்டனும் கறுப்பினச் சமயத் தலைவர் இருபதின்மரைச் சந்தித்தனர். அவர்கள் சார்பிற் பேசிய முதியவர் கரிசன் பிரேசியர், தாமே உழுது பயன்கொள்ள நிலம் வேண்டும் என்றார். நான்கு நாட்களின் பின் ஷேர்மன் பிறப்பித்த பதினைந்தாம் இலக்கக் கட்டளை, தென் கரோலைனா முதலிய கரையோரப் பகுதிகளில் உடைமையாளர் விட்டோடிய நிலத்தைக் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரையிற் பகிர்ந்தளிக்க வழிசெய்தது. ஏறத்தாழ 40,000 பேர் குடியேறிப் பயிர் செய்தனர். லிங்கன் ஏப்ரலிற் கொல்லப்பட்டபின் பதவிக்கு வந்த அன்ட்ரூ ஜோன்சன், மன்னிப்புப் பெற்ற உடைமையாளருக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுக்கப் பணித்தார். ஒக்டோபரில் எடிஸ்ரோ தீவின் தேவாலயமொன்றிற் கூடியிருந்த மக்களிடம் இச்செய்தியைச் சொல்லும் பொறுப்பு தளபதி ஹவாட்டிடம் விடப்பட்டது. பழைய எசமானரை மன்னித்து அவர்களுடன் ஒப்பந்தஞ் செய்துகொள்ளுமாறு அவர் வேண்டினார். மக்கள் ஒரு குழுவை அமைத்து எழுத்தில் விடையளித்தனர். அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியவருக்கு நிலமும், அரசின் பக்கம் நின்றவருக்கு நிலமின்மையுமா என்பது அவர்கள் எழுப்பிய வினாவின் சாரம். ஜோன்சனிடம் அதற்கு விடை இருக்கவில்லை.

காங்கிரஸில் தடேயஸ் ஸ்டீவன்ஸ், பெரும் உடைமையாளரின் நிலத்தைப் பறிமுதல் செய்து விடுதலை பெற்றோருக்கு வழங்க வேண்டுமென வாதாடினார். அவரது கட்சியே அவரைக் கைவிட்டது. மனிதரை உடைமையாகக் கொள்ளும் உரிமையைப் பறிக்கத் துணிந்த முதலாளி வர்க்கம், நிலவுடைமை உரிமையைத் தொட அஞ்சியது. தெற்கில் தோட்டம் பங்கிடப்படுமாயின் வடக்கில் ஆலை பங்கிடப்படலாகாதா என்று தொழிலாளி கேட்டுவிடக்கூடும் அல்லவா? பருத்தி ஏற்றுமதி மீள வேண்டுமென்ற அவசரமும் சேர்ந்துகொண்டது. தன் நிலமுடைய விவசாயி முதலில் சோளமும் கிழங்கும் பயிரிடுவான், பருத்தி பயிரிடான்.

அரசியல் உரிமையில் நிகழ்ந்த முன்னேற்றம் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. 1867ஆம் ஆண்டு மீட்டமைப்புச் சட்டங்களும், 1868, 1870ஆம் ஆண்டுகளில் நிறைவேறிய பதினான்காம், பதினைந்தாம் திருத்தங்களும் குடியுரிமையும் ஆண்களுக்கு வாக்குரிமையும் அளித்தன. மிசிசிப்பி 1870இல் ஹைரம் ரெவெல்ஸ் என்ற கறுப்பினத்தவரைச் செனற் சபைக்கு அனுப்பியது. தென் கரோலைனாவின் கீழ்ச்சபையிற் கறுப்பினத்தவர் பெரும்பான்மை பெற்றனர். தெற்கிற் பொதுக்கல்வி முறை வேரூன்றியது இவ்வாட்சிகளிலேயே. ஏழை வெள்ளையரின் பிள்ளைகளும் அதனாற் பயன்பெற்றனர். ஆனால் பகலில் வாக்களித்தவன் மாலையில் நிலவுடைமையாளனின் குடிசைக்கே திரும்ப வேண்டியிருந்தது. கூ கிளக்ஸ் கிளான் முதலிய ஆயுதக் குழுக்கள் தாக்கியது இவ்விடைவெளியையே. 1876ஆம் ஆண்டுத் தேர்தற் பிணக்கு 1877இல் ஓர் இணக்கத்தில் முடிந்தபோது, எஞ்சிய மீட்டமைப்பு ஆட்சிகளைக் காத்துநின்ற சமஷ்டிப் படைகள் அகற்றப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் இருப்புப்பாதைத் தொழிலாளரின் மாபெரும் வேலைநிறுத்தத்தை அடக்கச் சமஷ்டிப் படைகள் அனுப்பப்பட்டன.

பழைய தோட்டங்கள் சிறு துண்டுகளாக வாரத்துக்கு விடப்பட்டன. கருவியும் கோவேறு கழுதையும் உடைமையாளருடையனவாயின் விளைச்சலிற் பாதி அவருக்கு. அறுவடை வரை குடும்பம் உண்பதற்கும் உடுப்பதற்கும் கடைக்காரர் கடன் கொடுத்தார். விளையப்போகும் பயிரே ஈடு. பணமாகக்கூடிய பயிர் பருத்தி ஒன்றே என்பதால் வேறெதனையும் பயிரிட அவர் ஒப்பார். ஆண்டிறுதியிற் கணக்குப் பார்க்கும்போது கடன் எஞ்சிற்று. பல மாநிலங்களில் கடன் தீராதவன் வேறிடஞ் செல்லச் சட்டமும் இடந்தரவில்லை. குற்றத் தண்டனையாயின் கட்டாய உழைப்பு ஆகும் எனப் பதின்மூன்றாம் திருத்தம் விட்டுவைத்த விதிவிலக்கைப் பயன்படுத்தி, அலைந்து திரிந்தமை போன்ற அற்பக் குற்றங்களுக்காகச் சிறையிடப்பட்டோரை மாநிலங்கள் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் குத்தகைக்கு விட்டன. 1880ஆம் ஆண்டளவிற் பருத்தி விளைச்சல் போருக்கு முந்திய அளவைக் கடந்திருந்தது. அதற்குள் நிலமிழந்த வெள்ளை விவசாயிகள் பலரும் அதே கடைக்காரரின் கடன் புத்தகத்தில், கறுப்பினத்தவரின் பெயர்களுக்கு அடுத்த பக்கத்தில், பதியப்பட்டிருந்தனர்.